பந்தித் துணியில் ஒரு கருகல்

ஹாலபோஸ்ட், லூயிஸ் தீவு
9 பிப்ரவரி 1961

அன்புத் தங்கை டோலினாவுக்கு,

நீயும் உன் இருமலும் எப்படி இருக்கிறீர்கள்? கர்த்தருடைய இரக்கத்தால் நானும் மர்டோவும் சுகம். காற்றுக்குத்தான் சுகமில்லை. பத்து நாளாகக் கூரையைப் பிடித்து உலுக்குகிறது. நேற்று கோழிக்கூண்டின் கதவு பறந்துபோய்ப் போதகர் வீட்டுத் தோட்டத்தில் விழுந்தது. மர்டோ போய்க் கேட்டதற்கு அவர், "கோழியும் பின்னாலயே வரும்னு காத்திருந்தேன்"னாராம்.

மார்ச் முதல் ஞாயிறு நம் சபையில் திருவிருந்து. மூப்பர் ஃபின்லே வழக்கம்போலப் பந்தியில் விரிக்கும் நீள வெள்ளைத் துணியைத் துவைக்கக் கொண்டுவந்து போட்டுவிட்டார். மூன்று தரம் துவைத்துவிட்டேன். சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் சுத்தம் வேறு, போதுமான சுத்தம் வேறு. வெளியூர்ச் சபைகளிலிருந்து ஒன்பது பேர் வியாழன் முதல் திங்கள் வரை நம் வீட்டில் தங்குகிறார்கள். ஆட்டை வெட்டி உப்பில் போட்டாயிற்று. பரண் வரைக்கும் தேய்த்துக் கழுவினேன். பரணில் யார் ஏறிப் பார்க்கப் போகிறார்கள் என்று மர்டோ சிரிக்கிறார்.

நீ கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். இந்தத் தடவையும் நான் பந்தியில் உட்காராதவர்களோடு பின்வரிசையில்தான். துணியைக் கொடுப்பதோடு என் பங்கு முடிந்தது.

எழுத்து பொடியாக இருக்கிறதென்று திட்டாதே. பேனா முனை புதிது. இதை நான்கு தரம் எழுதிக் கிழித்தேன், ஒரு சொட்டு மையும் சிந்தாமல் வந்தது இது ஒன்றுதான். உன் போன கடிதத்தில் இருந்த கறைகளில் ஒன்று ஜாம் என்று நினைக்கிறேன்.

உன் நலத்துக்காகத் தினமும் முழங்கால் போடும்
அக்கா இஷ்பல்

*

கிளாஸ்கோ
20 பிப்ரவரி 1961

என் அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது. நீ முழங்கால் போட்டதாலோ, நான் மருந்து குடித்ததாலோ, இருவரும் பாதிப் பாதி பெருமை எடுத்துக்கொள்வோம். உன் உடம்பு எப்படி? நீ எழுதியதில் கோழிக்கூண்டின் உடம்பைப் பற்றித்தான் அதிகம் இருந்தது. அப்புறம், அது ஜாம் இல்லை. ஆஸ்பத்திரிச் சமையலறைக் குழம்பு.

ஊருக்கெல்லாம் பந்தி விரித்துவிட்டு நீ மட்டும் எத்தனை காலம் பட்டினி கிடப்பாய்? இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் அந்தத் துணியை வெளுக்கிறாய். அதன் முன்னால் ஒரு தரம்கூட உட்காரவில்லை. இங்கே நான் போன மாதம் திருவிருந்துக்குத் தாமதமாக ஓடினேன், ஒரு கையில் கறுப்புக் கையுறை, இன்னொன்றில் நீலம். உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன். அப்பம் வந்தது, திராட்சை ரசப் பாத்திரம் வந்தது, வாங்கிக்கொண்டேன். வானம் இடிந்து விழவில்லை. பக்கத்திலிருந்த அம்மாள் மட்டும், "ஒண்ணு தொலைஞ்சா இன்னொண்ணு இருக்கட்டும்னு போட்டியா?"ன்னு காதில் கேட்டாள்.

இதோடு ஒரு பார்சல் வருகிறது. மின்சார இஸ்திரிப் பெட்டி. கரிமண் கட்டிகள் எரியும் அடுப்பில் வைத்துச் சூடேற்றும் அந்தப் பழைய பிசாசைத் தூக்கிக் கை ஒடிந்துபோகும் உனக்கு. தயவுசெய்து இதைத் துடைத்து அலமாரியில் வைத்து அழகு பார்க்காதே.

பேனா முனையை மாற்று. எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கிறது உன் எழுத்து.

உன் அழுக்குத் தங்கை
டோலினா

*

ஹாலபோஸ்ட்
18 மார்ச் 1961

அன்பு டோலினா,

உன் கடிதத்துக்கு இத்தனை நாள் கழித்து எழுதுகிறேன், மன்னித்துக்கொள். சுகமாயிருக்கிறோம். இஸ்திரிப் பெட்டி வந்தது. துடைத்து அலமாரியில் வைத்திருக்கிறேன்.

திருவிருந்து நல்லபடியாக நடந்தது. துணியில் ஒரு சுருக்கம்கூட இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். ஒரு சுருக்கம் இருந்தது, வாசல் பக்கத்து ஓரத்தில். ஆராதனை முழுவதும் எனக்கு அது மட்டும்தான் தெரிந்தது.

பந்திக்கு வேலி கட்டும் நேரம் வந்ததும் போதகர் எழுந்து, யார் யார் வரக்கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார், டோலினா. பெருமைக்காரர் வரவேண்டாம், மனதில் பகை வைத்திருப்பவர் வரவேண்டாம், அரைமனதுக்காரர் வரவேண்டாம். ஒவ்வொரு பெயருக்கும் "நான்தான்" என்று உள்ளே கை தூக்கினேன். தகுதியில்லாமல் உட்கார்ந்தால் அந்த அப்பமே தீர்ப்பாகிவிடும் என்றல்லவா சின்ன வயதிலிருந்து கேட்டோம்? நீ கையுறையைப் பற்றிச் சிரித்து எழுதுகிறாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்பாவின் அந்த ஞாயிறு உனக்கு ஞாபகம் இருக்கிறதா? உனக்கு ஒன்பது வயது, எனக்குப் பதினாறு. கை நடுங்கிப் பாத்திரம் சாய்ந்து, வெள்ளைத் துணியெல்லாம் திராட்சை ரசம். அந்தக் கறையைப் போக்க நான்தான் உட்கார்ந்தேன். போகவே இல்லை, கடைசியில் வேறு துணி வாங்கினார்கள். அதன் பிறகு அப்பா சாகிறவரை பந்திக்குப் போகவில்லை.

துணியைத் திரும்பக் கொடுக்கும்போது ஃபின்லே கேட்டார். "இஷ்பல், இன்னும் எத்தனை நாளைக்குக் கழுவிக்கிட்டே இருப்பே?"

"அழுக்கு இருக்கிற வரைக்கும்"னேன்.

அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

கம்பளிப் பின்னலை நிறுத்திவிட்டேன். கண் சரியில்லை.

உன்னைக் கர்த்தர் காப்பாராக,
இஷ்பல்

*

கிளாஸ்கோ
27 மார்ச் 1961

அக்கா,

இந்தத் தடவை கேலி இல்லை. நீ நலமா என்று சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை, பதில் வேண்டும் என்று கேட்கிறேன்.

உன் பழைய கடிதங்களையும் இதையும் மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு வரியில் ஏழு வார்த்தை எழுதுவாய். இப்போது பதினைந்து. வரியின் முதலில் பெரிதாகத் தொடங்குகிறாய், முடிவில் பூதக்கண்ணாடி வேண்டியிருக்கிறது. பேனா முனை இப்படிச் செய்யாது. நான் நரம்பு வியாதி வார்டில் நர்ஸ் என்று உனக்குத் தெரியும்.

நடக்கும்போது வலது கை வீசுகிறதா, உடம்போடு ஒட்டிக்கொண்டு வருகிறதா? "என்ன சொன்னே, கேக்கல"ன்னு மர்டோ அத்தான் அடிக்கடி கேட்கிறாரா? பின்னலை நிறுத்தியது கண்ணாலா, கையாலா?

அப்பாவுக்கு வந்தது உனக்கும் வந்திருக்கலாம். அது பாவத்தின் சம்பளம் இல்லை, அக்கா. ஒரு வியாதி. ஸ்டார்னவே போய் டாக்டரைப் பார். எனக்குப் பயமாக இருக்கிறது. உடனே எழுது.

டோலினா

*

ஹாலபோஸ்ட்
2 ஜூன் 1961

தங்கச்சி டோலினாவுக்கு மர்டோ எழுதிக்கொள்வது,

நல்லா இருக்கியா? நான் எழுதுறது உங்க அக்காவுக்குத் தெரியாது. தறிக் கொட்டகைல உக்காந்து எழுதுறேன். தறி சத்தம் நின்னா அவ வந்து எட்டிப் பாப்பா, அதனால ஒரு காலால மிதிச்சுக்கிட்டே எழுதுறேன். எழுத்து ஆடினா அதான் காரணம்.

உன் கடுதாசி வந்த அன்னிக்கு அதைப் படிச்சா, மடிச்சா, ஏப்ரன் பைல வெச்சா. இன்னும் அங்கேயே இருக்கு. ஏப்ரனைத் துவைக்கும்போது எடுத்து வெளில வெக்கிறா, காஞ்சதும் திரும்ப வெக்கிறா. டோலினா என்ன எழுதியிருக்கான்னு கேட்டா, "மழையப் பத்தி"ங்கிறா. கிளாஸ்கோ மழையப் படிச்சு யாராச்சும் அழுவாங்களா?

டீ ஊத்தினா அரைக் கோப்பைதான் ஊத்துறா. ஊர்ல அவளைக் கஞ்சப்பிசினாறின்னு சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. வலது கைய எந்நேரமும் ஏப்ரனுக்குக் கீழ வெச்சுக்கிறா. கேட்டா குளிராம். ஜூன் மாசத்துல! எனக்கு ஒரு சாக்ஸ் பின்ன ஆரம்பிச்சா. பின்னுறது, பிரிக்கிறது, பின்னுறது, பிரிக்கிறது. கடைசில நூலை அடுப்புல போட்டுட்டா. முப்பது வருஷத்துல அவ ஒரு நூலை வீணாக்கி நான் பாத்ததில்ல.

நேத்து மாட்டுத் தொழுவத்துல தனியா பேசிக்கிட்டிருந்தா. நான் வெளில நின்னு கேட்டேன். "என்னை ஒதுக்கிட்டீர்னா வாயால சொல்லும், கையால சொல்லாதேயும்"னா. யார்கிட்டன்னு உனக்குப் புரியும்.

நானும் பின்வரிசைக்காரன்தான், எனக்கு உபதேசமெல்லாம் வராது. அவ கை நடுங்குது டோலினா. அவளைவிட நான் நடுங்கிப் போயிருக்கேன். ஏதாச்சும் செய்.

மர்டோ

*

கிளாஸ்கோ
10 ஜூன் 1961

அன்பு அக்கா,

நீ எழுதாவிட்டால் நான் எழுதக்கூடாதென்று சட்டம் இல்லையே. நான் சுகம். நீ சுகமில்லை என்று எடுத்துக்கொண்டே எழுதுகிறேன். மழையைப் பற்றி எழுதப்போவதில்லை.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நீ அந்த ஞாயிற்றைக் கேட்டாய். எனக்கு ஞாபகம் இருப்பது அதற்கு அடுத்த திருவிருந்து. நீ கீழே பின்வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாய். நான் மாடியில் பிள்ளைகளோடு. மேலிருந்து பார்த்தால் பந்தி முழுக்கத் தெரியும். ஆட்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். அப்பா வழக்கமாக உட்காரும் இடத்துக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். நடுவில் யாரும் உட்காரவில்லை. நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தார்களே தவிர, அதைத் தொடவில்லை. பாட்டு முடிந்தும் போதகர் கொஞ்ச நேரம் நின்றார், கதவைப் பார்த்துக்கொண்டே. அப்பா வரவில்லை. அதற்கடுத்த தடவையும் அப்படித்தான். அவர் இறந்த வருஷம் வரைக்கும் அந்த இடம் காலியாகவே இருந்தது.

ஊர் அவரைத் தள்ளவில்லை, அக்கா. அவராகவே தள்ளிக்கொண்டார். சிந்தியதை எல்லோரும் மறந்துவிட்டார்கள், சிந்தியவரும் அதைத் துவைத்தவளும்தான் மறக்கவில்லை.

நீயும் அப்படியே போய்விடுவாயோ என்று எனக்குப் பயம். செப்டம்பர் திருவிருந்துக்கு லீவு கேட்டிருக்கிறேன். அதற்குள் எழுது. எறும்பு எழுத்தானாலும் படிப்பேன்.

உன் டோலினா

*

ஹாலபோஸ்ட்
24 ஜூலை 1961

டோலினா,

என்னைப் பற்றி நலம் என்று எழுதி எழுதிக் கை பழகிவிட்டது, இன்றைக்கு எழுதவில்லை. நீ நலமா?

போன இலையுதிர்காலத்தில் ஆரம்பித்தது. முதலில் கட்டைவிரல் மட்டும். சும்மா இருக்கும்போது தானாக ஆடும், வேலை கொடுத்தால் நிற்கும். அதனால் சும்மா இருக்கவே விடாமல் வேலை கொடுத்தேன். இப்போது வேலை கொடுத்தாலும் நிற்பதில்லை. சில நேரம் சட்டைப் பொத்தானைப் பிடித்தபடி கை அப்படியே நின்றுவிடுகிறது. நகர் என்கிறேன், நகர மாட்டேன் என்கிறது. அந்த நேரத்தில் எனக்கு வரும் பயத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. என் வீட்டுக்குள் வேறு யாரோ வந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி இருக்கிறது.

இன்னொன்று. மர்டோவுக்கும் தெரியாது. பதினொரு வருஷத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, நானாகவே துணிந்து மூப்பர்கள் முன் போனேன். பந்தியில் உட்கார அனுமதி கேட்டேன். அவர்கள் இரண்டு கேள்விதான் கேட்டார்கள். ஃபின்லே அனுமதிச் சீட்டு மாதிரி கொடுக்கும் ஈய வில்லையை என் உள்ளங்கையில் வைத்தார். மறுநாள் அதைப் பந்தி ஓரத்தில் அவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார வேண்டியதுதான். அந்த ஞாயிறு காலை, மர்டோ பாலைக் கொட்டியதற்காக அவரிடம் எரிந்து விழுந்தேன். இப்படிப்பட்டவள் எப்படி உட்காருவது என்று போகவில்லை. அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் நல்லவளாகிப் போகலாம் என்று வில்லையைத் தேயிலை டப்பாவில் வைத்தேன். ஒவ்வொரு திருவிருந்து ஞாயிறும் அதைக் கையுறைக்குள் போட்டு எடுத்துப்போகிறேன், கை வியர்வையோடு திரும்பக் கொண்டுவருகிறேன். நல்லவளாகும் வேலைதான் முடியவே இல்லை.

எனக்குச் சாகப் பயமில்லை என்று பெருமையடித்திருக்கிறேன். பொய். தயாராகாமல் சாகப் பயம். இனி தயாராக நேரம் இல்லையோ என்று அதைவிடப் பயம். இந்தக் கையோடு அந்தப் பாத்திரத்தை எப்படி வாங்குவேன்? அப்பா செய்ததையே நானும் செய்து, துணியெல்லாம் சிந்தி, ஊரே பார்த்து...

அப்பா இடத்தைக் காலியாக விட்டிருந்தார்கள் என்று எழுதினாய். எனக்குத் தெரியாது. நான் தலையைத் தூக்கவே இல்லை.

இதை நகல் எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை. கறைகளுக்கு மன்னித்துக்கொள்.

இஷ்பல்

*

ஹாலபோஸ்ட்
5 செப்டம்பர் 1961

டோலினா, அவசரம்.

துணியைக் கருக்கிவிட்டேன். கடைசி மடிப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தேன், பழைய பெட்டியால்தான். கை நின்றுவிட்டது. தூக்கு என்று சத்தம் போட்டுச் சொன்னேன், தூக்கவில்லை. புகை வாடை வந்தபின் இடது கையால் வலது கையைப் பிடித்து இழுத்தேன். இஸ்திரிப் பெட்டியின் மூக்கு அப்படியே பழுப்பாகப் பதிந்திருக்கிறது. எலுமிச்சை, வெயில், மோர் எல்லாம் பார்த்தாயிற்று.

திருவிருந்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது. கிளாஸ்கோவில் அவ்வளவு நீளத்தில் வெள்ளை லினன் கிடைக்குமா? உடனே கப்பலில் ஏற்று. ஃபின்லே வந்தால் துணி ஈரமாக இருக்கிறது என்று சொல்லி அனுப்புகிறேன். பொய்யும் சேர்ந்துகொண்டது. இதுதான் பதில் டோலினா, கர்த்தரிடம் நான் கேட்ட பதில். என் கை அந்தத் துணியைத் தொடக்கூடாது என்கிறார்.

இ.

*

கிளாஸ்கோ
9 செப்டம்பர் 1961

என் அக்கா,

மூன்று கடை ஏறி இறங்கினேன். அவ்வளவு நீளத்தில் நெய்துதான் தர வேண்டுமாம், கிறிஸ்துமஸுக்கு வருமாம். எனக்கு லீவும் போயிற்று, வார்டில் இரண்டு நர்ஸுகள் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். உன் பக்கத்தில் இருக்க வேண்டிய நாளில் இங்கே நான் மற்றவர்கள் நாடியைப் பிடித்துக்கொண்டிருப்பேன். எனக்கு அழுகையாக வருகிறது.

வேறு வழி இல்லை. கருகலோடேயே போடு. மறைக்காதே, மடிக்காதே, ஃபின்லேயிடம் காட்டிவிட்டே கொடு. கர்த்தர் உனக்குப் பதில் சொல்ல இஸ்திரிப் பெட்டியைத்தானா தேடுவார்? வியாதி வந்த கை தவறு செய்தது, அவ்வளவுதான்.

ஞாயிறு காலை உன்னை நினைத்துக்கொண்டே இருப்பேன்.

டோலினா

*

ஹாலபோஸ்ட்
20 செப்டம்பர் 1961

என் அன்பு டோலினா,

நீ நலமா? வார்டில் படுத்தவர்கள் எழுந்தார்களா? இங்கே மர்டோ நலம். நான் இருக்கிறேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஃபின்லேயிடம் காட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. கருகல் வெளியே தெரியாமல் வாசல் பக்கத்து ஓரத்தில் கீழே தொங்கும்படி மடித்துக் கொடுத்தேன். ஞாயிறு காலை உள்ளே போய்ப் பார்த்தால், விரித்தவர்கள் துணியை மறுபக்கம் இழுத்துப் போட்டிருக்கிறார்கள். கருகல் நட்டநடுப் பந்தியில், மேலே, எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி. அங்கேயே நின்றுவிட்டேன். மர்டோ முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

போதகர் வேலி கட்டினார். நம்ப மாட்டாய், இத்தனை வருஷமாக என்னைத் துரத்தியடித்த அந்த வேலி அன்று என் காதில் விழவே இல்லை. கண்ணுக்குக் கருகல், காதுக்கும் கருகல். பாட்டு ஆரம்பித்தது. ஆட்கள் எழுந்து போனார்கள். பந்தி நிரம்பிக்கொண்டே வந்தது. கருகலுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. அதற்கு நேரே மட்டும் யாரும் உட்காரவில்லை. வேண்டுமென்றே விட்டார்களா, தற்செயலா, தெரியாது. கேட்கப்போவதும் இல்லை.

அதன் மேல் கையை வைத்து மறைத்துவிட்டால் போதும் என்று எழுந்தேன். இதுதான் உண்மை. மர்டோ, "எங்க போறே?"ன்னார்.

"அதை மூடிட்டு வரேன்"னேன்.

ஊரெல்லாம் இப்போது இஷ்பலை ஆவியானவர் எழுப்பினார் என்று பேசிக்கொள்கிறது. என்னை எழுப்பியது இஸ்திரிக் கருகல். இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம் என்று மர்டோ சொல்கிறார். பின்வரிசைக்காரருக்கு எப்போது இவ்வளவு ஞானம் வந்ததோ.

பந்தி ஓரத்தில் ஃபின்லே நின்றிருந்தார். வருகிறவர்களிடம் நீட்டும் பழக்கத்தில் என்னிடமும் உள்ளங்கையை நீட்டினார். அப்போதுதான் நான் எங்கே வந்து நிற்கிறேன் என்று எனக்கு உறைத்தது. திரும்பி ஓடலாமென்றால் பின்னால் நான்கு பேர். கையுறையைக் கழற்றினேன். கை நடுங்கியது. வில்லை நழுவித் தரையில் விழுந்து உருண்டது, அந்தப் பாட்டிலும் எல்லோருக்கும் கேட்டது. அவர் அந்த வயதில் குனிந்து பெஞ்சுக்கடியிலிருந்து அதை எடுத்தார்.

"ஒவ்வொரு தடவை வில்லைய எண்ணும்போதும் ஒண்ணு குறையும்"னார் மெதுவாக. "யார்கிட்ட இருக்குன்னு தெரியும். போ, உக்காரு."

உட்கார்ந்தேன். கருகல் மேல் வலது கையை வைத்து அழுத்திக்கொண்டேன். மறைந்துவிட்டது. அப்பம் வந்தது, இடது கையால் வாங்கிக்கொண்டேன். இப்படியே சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். அப்புறம் பாத்திரம் வந்தது.

ஒரு கையால் அதை வாங்க முடியாது, டோலினா. இரண்டு கை வேண்டும். வாங்க வேண்டுமென்றால் கருகலிலிருந்து கையை எடுக்க வேண்டும். பக்கத்திலிருந்தவள் பாத்திரத்தை நீட்டிக்கொண்டே இருக்கிறாள். விழுந்து செத்துவிடுவேன் என்றே நினைத்தேன்.

கையை எடுத்தேன்.

கருகல் எல்லோருக்கும் தெரிந்தது. பாத்திரம் என் கைகளில் ஆடியது, பல்லில் இடித்தது. குடித்தேன். கொஞ்சம் சிந்தியது, தாடையிலும் துணியிலும், கருகலுக்குப் பக்கத்திலேயே. பக்கத்திலிருந்தவள் தன் கைக்குட்டையால் என் தாடையைத் துடைத்துவிட்டு, பாத்திரத்தை வாங்கி அடுத்தவளிடம் கொடுத்தாள். சிந்தியதை ஒருவரும் பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன், எல்லோரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் பாடினார்கள். நான் அழுதேன். அப்பாவுக்காகத்தான் அதிகம் அழுதேன்.

பயம் போய்விட்டதென்று எழுதினால் மறுபடியும் பொய். செவ்வாய்க்கிழமை ஸ்டார்னவே டாக்டரிடம் போகிறோம். கை இன்னும் மோசமாகும் என்று எனக்குத் தெரியும். நீ வரும்போது உண்மையெல்லாம் சொல், மழையைப் பற்றி எழுதாதே.

நீ அனுப்பிய பெட்டியை அலமாரியிலிருந்து இறக்கிவிட்டேன். துணி கொடியில் கிடக்கிறது, ஜன்னல் வழியாகத் தெரிகிறது. கருகலும் இருக்கிறது, ரசக்கறையும் போகவில்லை. ஒரு தரம்தான் துவைத்தேன்.

உன் வரவுக்காகக் கதவைச் சாத்தாமல் வைத்திருக்கும்
அக்கா இஷ்பல்